சக்கரத்துக்குள் ஒரு சிறு குழாய்

போகிப் பண்டிகைக்கு முதல் நாள் விடியற்காலையில் அத்திப்பள்ளி எல்லையில் நின்று பார்த்தால் போதும், பெங்களூருவில் நம்மவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஓசூர் சாலை முழுவதும் மோட்டார் சைக்கிள்கள். டேங்கின் மேல் ஒரு பை, பக்கவாட்டில் ஒரு பை, பின்னால் மனைவி, அவர் மடியில் புதுத்துணி மூட்டை. பீனியாவில் லேத் ஓட்டுகிறவர், எலெக்ட்ரானிக் சிட்டியில் காவல் வேலை பார்க்கிறவர், கட்டட வேலைக்காரர், ஆபீஸ் குமாஸ்தா, எல்லோரும் இதில் அடக்கம். பஸ்ஸில் இடம் கிடைப்பதில்லை. ரயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தும் எனக்கே இரண்டு சக்கரந்தான் கதி. என் ஊர் செங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே இன்னும் ரயிலே வரவில்லை!

2024-ஆம் ஆண்டு ஜனவரி 13, சனிக்கிழமை. நானும் மனைவியும் அப்படித்தான் புறப்பட்டோம். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் என்பது வழி. சுமார் 170 கிலோ மீட்டர். வண்டியைப் பற்றிக் கவலையே இல்லை. மூன்று நாட்களுக்கு முன்புதான் பின் சக்கரத்தில் 'கொர கொர' என்று சத்தம் வருகிறது என்று எங்கள் பேட்டையில் ஒரு கடையில் விட்டு, இரண்டு பேரிங்கையும் புதிதாக மாற்றியிருந்தேன். பேரிங் நல்ல கம்பெனிச் சரக்கு. அட்டைப் பெட்டியை என் கண் முன்னால்தான் பிரித்தார்கள்.

ஓசூர் தாண்டும் வரை ஒன்றுமில்லை. அதன்பின் காலடியில் ஏதோ அரைபடுவது போல ஒரு உறுமல். புதுப் பேரிங் அல்லவா, பழக வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். சூளகிரிக்குச் சிறிது தூரம் இருக்கும்போது மனைவி தோளைத் தட்டினார். "ஏங்க, பின்னாடி சக்கரம் ஆடுதுங்க. எனக்கு பயமா இருக்கு." பக்கத்தில் ஒரு லாரி கடந்து போய்க் கொண்டிருந்தது. வண்டியின் பின்பகுதி மீன் வால் போல ஒரு தரம் அசைந்தது. எப்படியோ ஓரம் கட்டி நிறுத்தினேன்.

இறங்கி, சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன். விரல் சுட்டுவிட்டது.

ரயில்வேயில் இதற்கு 'ஹாட் ஆக்சில்' என்று பெயர். ஓடுகிற வண்டியில் அச்சுப் பேரிங் சூடேறிப் புகைவது. ஒரு ரயில் ஸ்டேஷனைக் கடக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் கொடியோடு வெளியே வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சும்மா கார்டுக்குக் கொடி காட்டுவதற்காக மட்டும் அவர் நிற்பதில்லை. எந்தப் பெட்டியின் அடியிலாவது புகை வருகிறதா, கருகல் வாசம் அடிக்கிறதா, கிறீச்சென்ற சத்தம் கேட்கிறதா என்றும் பார்க்கிறார். (கார்டு என்ற பெயரை 2022-இல் டிரெயின் மேனேஜர் என்று மாற்றிவிட்டார்கள். நாக்கு இன்னும் பழகவில்லை.) பழைய நாளில் கூட்ஸ் வேகன்களில் பித்தளைத் துண்டும் எண்ணெயில் ஊறிய பஞ்சும் வைத்த அச்சுப் பெட்டிகள். அவை அடிக்கடி சூடேறும். உருளைப் பேரிங் வந்தபின் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. ஆயிரக்கணக்கான டன்னை இழுத்துக்கொண்டு போகிற ரயிலுக்கு இத்தனை காவல். நம் மோட்டார் சைக்கிளுக்கு? நாமேதான் ஸ்டேஷன் மாஸ்டர்.

"நடுக் குழாய் எங்கே?"

வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம். சாலையோரத்தில் பஞ்சரும் பார்த்து, பழுதும் பார்க்கிற ஒரு கடை. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். மெலிந்த தேகம், காதில் ஒரு பீடி. நான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். 'டக் டக்' என்று ஆடியது. ஆக்சில் நட்டில் ஸ்பேனரை வைத்தவர், "யாரு தம்பி இதை மாட்டினது? நட்டு முழுசா இறுகவே இல்லையே" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பெங்களூருக் கடையில் அந்தப் பையன் நட்டை இறுக்க இறுக்க, சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொண்டது. அவன் கால் சுற்று தளர்த்திவிட்டான். உடனே சக்கரம் சுகமாகச் சுற்றியது. "புதுப் பேரிங் அண்ணா, டைட்டா இருக்கும்" என்றான். கையில் டீ கிளாஸோடு நானும் தலையாட்டினேன்.

பெரியவர் ஆக்சிலை உருவினார். உருவும்போதே எஃகுக் குண்டுகள் இரண்டு மூன்று தரையில் உருண்டன. பேரிங்கின் உள் வளையம் ஆக்சிலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வெளி வளையம் சக்கரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. குண்டுகளைப் பிரித்து வைக்கிற தகட்டுக் கூடு நொறுங்கிப் போயிருந்தது. வளையத்தில் நீலம் பாய்ந்த நிறம். அவர் சக்கரத்தின் துளைக்குள் ஒரு கண்ணை வைத்து, அந்தப் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நடுக் குழாய் எங்கே?"

"எந்தக் குழாய்ண்ணே?"

அவர் பீடியை எடுத்துப் பற்ற வைத்துக்கொண்டார்.

குழாய் என்ன செய்கிறது?

சக்கரத்தின் நடுப்பகுதியை ஹப் என்கிறோம். மாட்டு வண்டிக்காரர்கள் குடம் என்பார்கள். இந்தக் குடத்தின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பேரிங் அழுத்தமாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு பேரிங்குக்கும் இரண்டு வளையங்கள். வெளி வளையம் குடத்தோடு சேர்ந்து சுற்றும். உள் வளையம் ஆக்சிலோடு சேர்ந்து அசையாமல் நிற்கும். நடுவில் ஓடுகிற குண்டுகள்தான் இரண்டையும் உரசாமல் வைத்திருப்பவை.

இந்த இரண்டு பேரிங்குகளின் உள் வளையங்களுக்கும் இடையே, குடத்தின் வயிற்றுக்குள் ஒரு இரும்புக் குழாய் இருக்கிறது. கடையில் ஸ்பேசர் என்று கேட்டால் கொடுப்பார்கள். சிலர் டிஸ்டன்ஸ் டியூப் என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அது சுற்றுவதும் இல்லை, எதையும் சுமப்பதும் இல்லை. ஏதோ உள்ளே கிடக்கிற வெறுங்குழாய் என்றுதான் தோன்றும்.

ஆனால் ஆக்சில் நட்டை இறுக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். நட்டின் பிடி நேராகப் போர்க்கை மட்டும் இறுக்குவதில்லை. போர்க்கிலிருந்து வெளிப்பக்கக் காலர், அதிலிருந்து பேரிங்கின் உள் வளையம், அதிலிருந்து நடுக் குழாய், அதிலிருந்து மறுபக்கத்துப் பேரிங்கின் உள் வளையம், பிறகு மறுபக்கத்துக் காலர், மறுபக்கத்துப் போர்க் என்று வரிசையாகப் போகிறது. பெட்டிக்குப் பெட்டி பஃபர் முட்டிக்கொண்டு நிற்கிற ரயிலைப் போல. எத்தனை பலமாக இறுக்கினாலும் அந்தப் பலத்தை இந்த வரிசையே தாங்கிக்கொள்ளும். குண்டுகளுக்கு அது தெரியவே தெரியாது.

வரிசையில் நடுப் பெட்டியைக் கழற்றிவிட்டால்? நட்டை இறுக்க இறுக்க இரண்டு உள் வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். வெளி வளையங்களோ குடத்துக்குள் உள்ள திட்டில் முட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்ட குண்டுகள் பள்ளத்தின் அடியில் ஓடாமல், ஓரத்துச் சுவரில் நசுங்கிக்கொண்டு ஓடும். இந்தப் பேரிங் மேலிருந்து கீழ் வருகிற பாரத்தைச் சுமப்பதற்காகவே முக்கியமாகச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் ஓரளவுதான் தாங்கும். இறுக்கிய நட்டு கொடுக்கிற பலத்தைத் தாங்கவே தாங்காது. சூடேறும், கிரீஸ் உருகி வழிந்துவிடும், கூடு உடையும்.

சரி, அந்தப் பையன் செய்தது போல நட்டைத் தளர்த்திவிட்டால்? சக்கரம் சுற்றும். ஆனால் அப்போது ஆக்சிலே பிடிப்பில்லாமல் நிற்கிறது. உள் வளையம் ஆக்சிலின் மேல் உரசிச் சுற்றத் தொடங்கும். சங்கிலி இழுக்கிற இழுப்பில் சக்கரம் ஒரு பக்கம் சாயும். நட்டு கழன்று போகிற அபாயம் வேறு. இறுக்கினாலும் கெட்டது, தளர்த்தினாலும் கெட்டது.

18 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு டயரோடு சேர்த்து ஏறக்குறைய 1.9 மீட்டர். 200 கிலோ மீட்டர் போனால் அது ஒரு லட்சம் தரத்துக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குண்டுகள் நசுங்கியபடி ஓடினால் எத்தனை தூரம் தாங்கும்? என் வண்டியில் நூறு கிலோ மீட்டர்கூடத் தாங்கவில்லை.

நம்பர் சொன்னால் போதும்

எனக்கு இருந்த பெரிய பயம், பண்டிகை நேரத்தில் சூளகிரியில் என் வண்டிக்குப் பேரிங் கிடைக்குமா என்பதுதான். பெரியவர் உடைந்த வளையத்தைத் துணியால் துடைத்து, "6301. எங்கேயும் கிடைக்கும்" என்றார். கடைக்குள்ளேயே இருந்தது.

இந்த நம்பரைப் பற்றி நம் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பேரிங்கின் முகத்தில் பொறித்திருக்கும் எண் எந்தக் கம்பெனிக்கும், எந்த நாட்டுக்கும் பொது. முதல் இலக்கம் 6 என்றால் சாதாரணக் குண்டு பேரிங். இரண்டாவது இலக்கம் அதன் பருமன் வரிசை. 2 என்றால் மெல்லியது, 3 என்றால் அதைவிடக் கனமானது. கடைசி இரண்டு இலக்கங்கள் ஆக்சில் நுழைகிற துளையின் அளவு. 00 என்றால் 10 மில்லி மீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04-க்கு மேல் ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான், 04 என்றால் 20. ஆக 6301 என்றால் துளை 12, வெளி விட்டம் 37, அகலம் 12 மில்லி மீட்டர். 6201 என்றால் அதே 12 துளைதான், ஆனால் வெளி விட்டம் 32, அகலம் 10. ஒரே ஒரு இலக்கம் மாறினால் குடத்துக்குள் பொருந்தாது.

உங்கள் வண்டியில் வேறு எண் இருக்கலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் கூட வேறாக இருக்கலாம். ஆகவே வண்டியின் பெயரைச் சொல்லி வாங்குவதைவிட, பழைய பேரிங்கைக் கையில் கொண்டுபோய் எண்ணைக் காட்டி வாங்குவதே நல்லது. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் பாருங்கள். இசட் இசட் என்றோ 2 இசட் என்றோ இருந்தால் இரு பக்கமும் தகட்டு மூடி. 2 ஆர்.எஸ். என்றால் ரப்பர் மூடி. மழையிலும் சேற்றிலும் ஓடுகிற சக்கரத்துக்கு ரப்பர் மூடியே மேல் என்பது என் அபிப்பிராயம். மூடியில்லாத பேரிங்காக இருந்தால் உள்ளே கிரீஸ் வைத்துப் பூட்ட வேண்டும். அதற்காகக் குடம் நிறைய அடைத்துவிடக் கூடாது, அதுவும் சூட்டைக் கிளப்பும்.

ஒரு வார்த்தை நம் நாட்டுச் சரக்கைப் பற்றி. ஜெய்ப்பூரில் 1946-இல் தொடங்கிய கம்பெனியின் என்.பி.சி. பேரிங்குகள் ரயில் பெட்டியிலும் ஓடுகின்றன, மோட்டார் சைக்கிளிலும் ஓடுகின்றன. எஸ்.கே.எப். என்பது 1907-இல் சுவீடனில் தொடங்கியது. அதைத் தொடங்கிய ஸ்வென் விங்க்விஸ்ட் ஒரு நெசவு ஆலையில் இயந்திரங்களைப் பராமரித்து வந்த இன்ஜினீயர். அங்கே பேரிங் அடிக்கடி உடைந்து உயிரை வாங்கியதால்தான் தானே ஒன்று செய்யப் புறப்பட்டார். பெயர் பெற்ற இந்தக் கம்பெனிகளின் பெட்டியைப் போலவே அச்சடித்த போலிகளும் சந்தையில் உலவுகின்றன. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பில் போட்டுக் கொடுக்கிற கடையில் வாங்குங்கள். பில் வேண்டாம் என்றால் விலை குறைப்பேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஐஸ் பெட்டியும் வெந்நீரும்

முதலில் சக்கரத்துக்குள் சிக்கிய வெளி வளையத்தை எடுக்க வேண்டும். பிடித்து இழுக்க எதுவுமில்லை. பெரியவர் சக்கரத்தைப் பக்கத்து வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனார். வளையத்தின் உட்பக்கம் சுற்றிலும் ஒரு கோடு வெல்டிங் இழுக்கச் சொன்னார். எனக்கு நெஞ்சு பதறியது. வெல்டிங் ஆறியதும் வளையம் சுருங்கியது. சக்கரத்தைக் கவிழ்த்து லேசாகத் தட்டினார், 'டிங்' என்று தானாக விழுந்தது! மறுபக்கத்துப் பேரிங் முழுசாக இருந்ததால் அதை உள்ளிருந்து ஒரு நீண்ட கம்பியை வைத்து, ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியே எடுத்தார். அதுவும் கையில் சுற்றினால் மணல் அரைபடுவது போல இருந்தது. ஒன்று போனால் இரண்டையும் மாற்ற வேண்டியதுதான்.

குழாய்க்கு எங்கே போவது? கடையின் பின்னால் ஒரு கோணிப்பை. அதற்குள் அதே மாதிரி வண்டியின் விபத்தில் நெளிந்த சக்கரம் ஒன்று. அதிலிருந்து ஒரு குழாயை எடுத்தார். நான் மகிழ்ந்து போனேன். அவரோ துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பழைய வெர்னியர் அளவுகோலை எடுத்தார். சக்கரத்தின் விளிம்பிலிருந்து உள்ளே பேரிங் முட்டுகிற திட்டு வரை எத்தனை ஆழம் என்று இரண்டு பக்கமும் அளந்து, குடத்தின் மொத்த அகலத்திலிருந்து கழித்தார். திட்டுக்குத் திட்டு உள்ள தூரம் தெரிந்தது. குழாய் அதைவிட மயிரிழை நீளமாக இருந்தது.

"குட்டையா இருந்தா இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான் தம்பி. மயிரிழை நீளமா இருந்தா சரி. அதிகமா நீளமா இருந்தா பேரிங் உள்ளே உக்காராது."

பழைய குழாய்தானே என்று அப்படியே போடவும் இல்லை. பேரிங்கைக் கழற்றும்போது கம்பியால் அடிபட்டுக் குழாயின் வாயில் பிசிறு எழுந்திருக்கும். வாய் ஒரு பக்கம் தேய்ந்து கோணலாகவும் இருக்கலாம். கண்ணாடிப் பலகையின் மேல் குழாயை நிறுத்தி, ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்தார். பிசிறை மட்டும் அரத்தால் எடுத்து, துருவைத் தேய்த்து, மெலிதாகக் கிரீஸ் தடவினார்.

பிறகு செய்தது எனக்குப் புதிது. இரண்டு புதுப் பேரிங்கையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, எதிர்ப் பெட்டிக்கடையின் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி என்னை அனுப்பினார். கடைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே இடம் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து டீக்கடையிலிருந்து கொதிக்கிற வெந்நீர். சக்கரக் குடத்தைச் சுற்றித் துணியைச் சுற்றி அதன்மேல் ஊற்றினார். குடம் அலுமினியக் கலவை, பேரிங் எஃகு. அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 37 மில்லி மீட்டர் துளை 80 டிகிரி கூடுதல் சூடேறினால் சுமார் 0.07 மில்லி மீட்டர் பெரிதாகிறது. கொதிநீரில் அதில் பெரும்பங்கு கிடைத்துவிடும். அந்தப் பக்கம் குளிர்ந்த பேரிங் சிறிது சுருங்கியிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் போதும், சுத்தியலுக்கு வேலை குறைவு. சிலர் கேஸ் விளக்கைக் காட்டுவதுண்டு. அதில் பெயின்ட் கருகும், சூடு ஒரே இடத்தில் ஏறும். வெந்நீர் சாதுவானது. ஊற்றியபின் துளையை நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

முதல் பேரிங்கை வைத்து, பழைய பேரிங்கின் வெளி வளையத்தை அதன் மேல் வைத்துத் தட்டினார். வெளி வளையத்தில் மட்டுமே அடி விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் புதுப் பேரிங் முதல் நாளே உறுமத் தொடங்கும். பாதிக் கடைகளில் இந்தத் தவறு தினமும் நடக்கிறது. பேரிங் திட்டில் போய் உட்கார்ந்ததும் சத்தம் மாறியது. 'தட் தட்' என்றிருந்தது 'டங்' என்று கெட்டியாக ஒலித்தது.

சக்கரத்தைத் திருப்பிப் போட்டார். இப்போதுதான் குழாய். பலர் மறப்பது இந்த இடத்தில். இரண்டாவது பேரிங்கை அடித்து இறக்கிவிட்டால் பிறகு குழாயை உள்ளே போட வழியே கிடையாது. குழாயை நிறுத்தி, ஆக்சிலை ஊடே விட்டு நேராக்கி, இரண்டாவது பேரிங்கைத் தட்டினார். முழு வேகத்தில் அடிக்கவில்லை. இரண்டு தட்டு, ஒரு பார்வை. உள் வளையம் குழாயைத் தொட்டதும் நிறுத்தினார். என் விரலை உள்ளே விட்டுக் குழாயைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். கடகடவென்று ஆடவில்லை. அழுத்தித் தள்ளினால் சிறிது அசைந்தது. "அதான் கணக்கு" என்றார்.

எந்தப் பக்கத்துப் பேரிங்கை முதலில் இறக்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். சில வண்டிகளில் பேரிங்குக்கு வெளியே லாக் வளையம் இருக்கும். அதைக் கழற்றாமல் அடித்தால் குடமே உடையும். பின் சக்கரத்தில் சங்கிலிப் பல்சக்கரம் உள்ள டிரம்முக்குத் தனியாக ஒரு பேரிங்கும், அதற்குள் ஒரு சிறு குழலும் பல வண்டிகளில் உண்டு. அதுவும் இதே போல அடிக்கடி காணாமல் போகிற சாமான். முன் சக்கரத்திலோ வேகமானி கியர் இருக்கும் வண்டிகளில், அதன் காதுகள் குடத்தின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நட்டை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் நசுங்கிவிடும்.

ஆயில் சீலையும் புதிதாகப் போட்டு, காலர்களை அதனதன் பக்கத்தில் வைத்து, சங்கிலித் தொய்வு சரிபார்த்து, நட்டை முழுப் பலத்தோடு இறுக்கினார். சக்கரத்தைச் சுண்டினார். அது சத்தமின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தது.

கேட்ட கூலி எனக்கே கூச்சமாக இருந்தது. மேலே கொடுத்ததை வாங்கிக்கொள்ளவில்லை. "வீட்டம்மாவை வெயில்ல உக்கார வச்சிட்டேன். நல்ல நாளும் அதுவுமா சந்தோஷமா போயிட்டு வாங்க" என்றார். மாலை நான்கு மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பேரிங் திடீரென்று போவதில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகிறது. சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டமும் கூடாது. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையைப் போர்க்கின் மேல் வையுங்கள். காதுக்குக் கேட்காத அரைபடல் கைக்குத் தெரியும். ஐந்து கிலோ மீட்டர் போல அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு, குடத்தின் நடுவைத் தொடுங்கள். பிரேக் பிடித்தால் டிரம் சுடுவது இயற்கை. பிரேக் பிடிக்காமலே சுட்டால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

கெடுவதற்கு முக்கியக் காரணம் தண்ணீர். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் வண்டியை வாட்டர் சர்வீஸ் விடுகிறோம். பையன் வேகமாகப் பீய்ச்சுகிற குழாயை நேராகச் சக்கரத்தின் நடுவில் பிடிக்கிறான். அந்த வேகத்தில் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. பளபளவென்று வண்டி வருகிறது, உள்ளே துருப்பிடிக்கத் தொடங்குகிறது. சக்கரத்தின் நடுவில் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் நான் இப்போது வண்டியை விடுகிறேன்.

இன்னொன்று. பேரிங் குடத்துக்குள் லூசாகிவிட்டால், துளையின் சுவரில் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி அதன்மேல் பேரிங்கை இறக்குகிற வழக்கம் உண்டு. ஊர் போய்ச் சேர அது உதவலாம். நிரந்தரம் அல்ல. லேத்தில் கொடுத்துப் புஷ் போட வேண்டும், அல்லது குடத்தையே மாற்ற வேண்டும்.

தகர டப்பாவில் மூன்று குழாய்

பண்டிகை முடிந்து பெங்களூரு திரும்பியதும் அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன் என்பதை மறைப்பானேன். கடைக்காரர் நம்மவர்தான். பையன் ஊரிலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதங்கூட ஆகவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். குழாய் என்று நான் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தான். நட்டு போல்ட்டுகளுக்கு நடுவே குழாய் கிடந்தது. வேறு பேரிங்குகளைத் தட்டி இறக்குவதற்கு அதைத்தான் உபயோகித்துக் கொண்டிருந்திருக்கிறான். இரண்டு வாயும் அடிபட்டுக் காளான் போல விரிந்திருந்தன.

கடைக்காரர் டப்பாவை வாங்கித் தரையில் கொட்டினார். அந்த மாதிரிக் குழாய் மூன்று இருந்தன.

ஒருவரும் பேசவில்லை. சண்டை போட வந்தவன் வாயடைத்து நின்றேன். கடைக்காரர் நோட்டைப் புரட்டி, அந்த மாதம் பேரிங் மாற்றிய வண்டிகளின் போன் நம்பர்களை எடுத்தார். ஒருவர் ஊருக்கே போகவில்லை, ஸ்ரீராமபுரத்தில் வீட்டில் இருந்தார். அன்று மாலையே வண்டியைக் கொண்டுவந்தார். கழற்றினால் பேரிங் நீலம் பாய்ந்து, கையில் சுற்றவே மறுத்தது. மேலும் சில நாள் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கூலி வாங்காமல் எல்லாவற்றையும் கடைக்காரர் தன் கையாலேயே மாற்றிக் கொடுத்தார். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, குழாயை அவன் கையாலேயே போடச் சொன்னார். எனக்கும் இரண்டு பேரிங்கின் விலையைத் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொரு நம்பரில் போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. மறுநாளும் அப்படியே. நோட்டில் பெயர் இல்லை, 'திருப்பத்தூர் பார்ட்டி' என்று மட்டும் எழுதியிருந்தது. வழியில் வேறு எங்காவது சரி செய்துகொண்டிருக்கலாம். அதன்பின் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று விசாரித்தேன். வரவில்லை என்றார்கள்.